இல்லாத வெளிச்சத்துக்கு ஒரு நகல்

முதல் தடவை சுவிட்சைத் தட்டியபோது குழாய்க்குள் மணிமாலைதான் தெரிந்தது. நீல மணிகள், அடியிலிருந்து நுனிவரை வரிசையாக 130. விரல் வைத்து எண்ணிவிடலாம், அத்தனை தனித்தனியாக நின்றன. பக்கத்தில் நின்ற மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, படத்துல கோடு மாதிரி இருக்குமே, இது ஏன் புள்ளி புள்ளியா இருக்கு?" என்றாள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வாரம் பிடித்தது.

நான் செய்துகொண்டிருந்தது லைட்சேபர். 1977இல் வந்த முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் லூக் ஸ்கைவாக்கரின் கைக்கு வருகிற நீல ஒளிவாள். ஆயத்தமாகவே நல்ல தரத்தில் விற்கிறார்கள், வாங்கியிருக்கலாம். ஆனால் இந்த ஆசை பத்து வயதில் தொற்றியது. அப்போது டார்ச் லைட்டின் கண்ணாடியைச் சுற்றி வெள்ளை சார்ட் பேப்பரை நீளமான குழலாகச் சுருட்டி ஒட்டினேன். அறை விளக்கை அணைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தால் அடியில் ஒரு சாண் உயரம் அழகாக ஒளிர்ந்தது. அதற்கு மேல் மங்கிக்கொண்டே போய், பாதியைத் தாண்டியதும் வெறும் காகிதம். வெளிச்சமெல்லாம் நேராகப் போய் நுனி வழியே வெளியேறி விட்டத்தில் வட்டம் போட்டது. குழலின் பக்கச் சுவரில் அது சரியாகப் படவே இல்லை என்பது அன்றைக்குப் புரியவில்லை. வாள் ஏன் பாதியில் செத்துப்போகிறது என்ற ஏமாற்றம் மட்டும் உள்ளே தங்கிவிட்டது.

சாமான்களை எடுத்து வைக்கும் முன், அசலை எப்படிச் செய்தார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் பாதி சந்தோஷம்.

அந்தப் படத்தின் செட் டெக்கரேட்டர் ரோஜர் கிறிஸ்டியன். செலவுக்குக் கையிறுக்கம் என்பதால் பழைய சாமான்களையும் உடைசல்களையும் வைத்தே எதிர்கால உலகத்தைக் கட்டிய மனிதர். லண்டனில் ஒரு புகைப்படக் கருவிக் கடையில் அவர் கண்ணில் பட்டவை பழைய கிராஃப்ளெக்ஸ் ஃபிளாஷ் கைப்பிடிகள். பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் 1940களில் தங்கள் பெரிய பிரஸ் கேமராவின் பக்கவாட்டில் மாட்டிக்கொண்ட உலோகக் குழாய் அது. உள்ளே மூன்று பெரிய டார்ச் பேட்டரி, உச்சியில் ஃபிளாஷ் பல்பும் அதைச் சுற்றி ஒரு தட்டும். கிறிஸ்டியன் பல்பையும் தட்டையும் கழற்றினார். அடிப்பாகத்தில் கறுப்புப் பட்டைகளை வரிசையாக ஒட்டினார். நடுவில் இருக்கும் கவ்வியில், பழைய கால்குலேட்டரில் எண்களைப் பெரிதாக்கிக் காட்டும் குமிழ் குமிழான பிளாஸ்டிக் துண்டைச் செருகினார். இடுப்பில் தொங்கவிட வால்பக்கம் ஒரு வளையம். கைப்பிடி முடிந்துவிட்டது. கலை இயக்கத்துக்காக அந்தப் படத்துக்குக் கிடைத்த ஆஸ்கர் விருதைப் பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

இதைப் படித்தபோது எனக்குப் பிடித்துப்போன விஷயம் ஒன்று உண்டு. கிராஃப்ளெக்ஸ் குழாய் பிறந்ததே வெளிச்சம் தருவதற்கு. கைக்கு அடங்கிய குழாய், உள்ளே பேட்டரி, மேலே பல்பு. நான் பத்து வயதில் எடுத்த டார்ச்சும் அதே குடும்பம்தான். ஆரம்பித்த இடம் தப்பில்லை.

அப்புறம் வெளிச்சத்துக்கு வந்தேன். படப்பிடிப்புத் தளத்தில் அந்த வாளுக்குள் விளக்கே கிடையாது! கைப்பிடியிலிருந்து ஒரு கோல் நீண்டிருக்கும். சாலையோரப் பலகைகள் இரவில் வண்டி வெளிச்சம் பட்டதும் பளிச்சிடுகின்றனவே, அந்த மாதிரிப் பொருளைக் கோலின் மேல் ஒட்டியிருந்தார்கள். அதில் இருப்பவை பொடிப்பொடியான கண்ணாடி மணிகள். ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துக்கே அதைத் திருப்பி அனுப்பும். கேமரா லென்ஸ் பார்க்கும் கோட்டிலேயே ஒரு விளக்கை வைத்து, கைப்பிடிக்குள் ஒரு மோட்டாரால் கோலைச் சுழற்றினால், கேமராவுக்கு மட்டும் கோல் மினுங்கும். மோட்டாருக்கான ஒயர் நடிகரின் சட்டைக் கைக்குள் ஓடியது. எதிரில் நின்று சண்டை போட்டவருக்குத் தெரிந்தது ஒரு சாம்பல் நிறக் கோல்.

அந்த மினுக்கமும் போதவில்லை. அதனால் எடுத்த ஃபிலிமை ஃப்ரேம் ஃப்ரேமாக எடுத்து, கோல் இருக்கும் இடத்தில் ஒளியை வரைந்து சேர்த்தார்கள். ரோட்டோஸ்கோப் என்று பெயர். மேக்ஸ் ஃபிளைஷர் 1917இல் காப்புரிமை பெற்ற பழைய அனிமேஷன் உத்தி. ஒரு வினாடிக்கு 24 ஃப்ரேம். நடுவே வெள்ளை, அதைச் சுற்றி நிறம் கசிகிற ஒளிவட்டம் என்று நாம் மனசில் வைத்திருக்கிற அந்தத் தோற்றம் முழுக்க மேசையில் உட்கார்ந்து ஒருவர் கையால் வரைந்தது.

ஆக, 1977இல் அந்தத் தளத்தில் நின்ற யாருடைய முகத்திலும் அந்த நீலம் விழுந்ததில்லை. நான் நகலெடுக்க நினைத்த வெளிச்சம் ஃபிலிமில் தவிர வேறெங்கும் இருந்ததே இல்லை. கைப்பிடிக்கு அசல் உண்டு, அளவெடுக்கலாம். ஒளிக்கு அசல் கிடையாது. 2015இல் வந்த ஏழாம் பாகத்தில்தான் உண்மையிலேயே ஒளிர்கிற வாள்களைத் தளத்துக்குக் கொண்டுவந்து, அந்த நிறம் நடிகர்கள் முகத்தில் விழும்படி எடுத்தார்கள். இது தெரிந்த பிறகு என் வேலையின் மேல் எனக்கு மரியாதை கூடியது. வீட்டு மேசையில் நான் செய்யப்போவது, அந்தக் கலைஞர்கள் கைக்கு எட்டாமல் வரைந்து தீர்த்துக்கொண்ட ஒரு பொருளை.

சரி, கைப்பிடி. பழைய கிராஃப்ளெக்ஸ் ஒன்றை வாங்கி அறுக்க எனக்கு மனம் வரவில்லை. ரசிகர்கள் வாங்கித் தீர்த்ததில் கேமரா சேகரிப்பவர்களுக்கே அது கிடைப்பது அரிதாகிவிட்டது. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரு கருவி, அப்படியே இருக்கட்டும். 38 மி.மீ. வெளிவிட்டமுள்ள அலுமினியக் குழாயில் 28 செ.மீ. நீளம் வெட்டிக்கொண்டேன். லேத் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: ஒரு தாளைக் குழாயைச் சுற்றி, தாளின் விளிம்பு விளிம்போடு சேரும்படி இறுக்கிச் சுற்றுங்கள். அந்த விளிம்பை ஒட்டி மார்க்கரால் கோடு போட்டால் சுற்றிலும் நேரான கோடு கிடைக்கும். ஆக்சா பிளேடால் ஒரே பக்கம் அறுக்காமல், குழாயைச் சுழற்றிச் சுழற்றிக் கோட்டின் மேல் மெல்லப் பள்ளம் போட்டுக்கொண்டே போனால் வெட்டு கோணாது. பிறகு 220இல் ஆரம்பித்து 400, 800, 2000 என்று உப்புத்தாள். கடைசித் தாளைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கும்போது அலுமினியம் சாம்பலிலிருந்து மெல்ல வெள்ளிக்கு மாறும். அந்த அரை மணி நேரத்துக்காகவே இன்னொரு கைப்பிடி செய்யலாம்.

வாளுக்கு ஒரு இன்ச் விட்டமுள்ள பாலிகார்பனேட் குழாய், 90 செ.மீ. அக்ரிலிக் வேண்டாம். பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒரு மோதலில் கண்ணாடி மாதிரி விரிசல் விடும். பாலிகார்பனேட் அடியைத் தாங்கும்.

உள்ளே டபிள்யூஎஸ்2812பி எல்இடி பட்டை. ஐந்து மி.மீ. சதுரத்துக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எல்இடியும், அவற்றை அடக்கி ஆளும் ஒரு சிப்பும் இருக்கின்றன. ஒற்றைக் கம்பி வழியாக வரும் தகவலில் முதல் 24 பிட்டைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளிவிடும். அதனால் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகச் சொல்பேச்சு கேட்கும். அது எதிர்பார்க்கும் வரிசை பச்சை, சிவப்பு, நீலம். இது தெரியாமல் முதல் நாள் சிவப்பு கேட்டு, பச்சை வந்து, ஒயரைத் தப்பாக இணைத்துவிட்டேனோ என்று எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். மீட்டருக்கு 144 புள்ளி உள்ள பட்டையில் 90 செ.மீ.க்கு 130 வரும். அப்படி இரண்டு பட்டைகளை முதுகோடு முதுகு ஒட்டிக் குழாய்க்குள் தள்ளினேன். இரண்டுக்கும் ஒரே தகவல் கம்பி. மொத்தம் 260.

அப்புறம்தான் அந்த மணிமாலை.

ஒளியைப் பரப்புவது ரொம்பச் சின்ன விஷயம் என்று நினைத்திருந்தேன். வெள்ளையாக எதையாவது சுற்றினால் முடிந்தது என்ற எண்ணம். முதலில் டிரேசிங் பேப்பரைப் பட்டையோடு ஒட்டச் சுற்றினேன். ஒன்றுமே மாறவில்லை. இரண்டு சுற்று, மூன்று சுற்று. வெளிச்சம் குறைந்ததே தவிர புள்ளி புள்ளியாகவே நின்றது. அலுத்துப்போய் தாளை உருவி எடுக்கும்போது, அது பட்டையிலிருந்து கொஞ்சம் விலகி என் கையில் நின்றது. தாளின் மேல் ஒரு புள்ளிகூட இல்லை!

மேசையில் பட்டையை நீட்டிப் போட்டு, தாளை அதன் மேல் வைத்து, பிறகு மெல்ல உயர்த்தினேன். ஒட்டி இருக்கும்போது எல்இடியின் சதுர ஓரம்கூடத் தெரிகிறது. மூன்று மி.மீ. உயர்த்தினால் சதுரம் வட்டமாகிறது. ஐந்தில் வட்டங்கள் ஒன்றை ஒன்று தொடுகின்றன. எட்டு மி.மீ. வந்ததும் வட்டங்கள் கரைந்து ஒரே பட்டையாக நிற்கிறது. எத்தனை தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. புள்ளிக்குப் புள்ளி இடைவெளி ஏறக்குறைய ஏழு மி.மீ. திரை அந்த இடைவெளிக்குக் குறையாத தூரத்தில் நின்றால்தான் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் வெளிச்சம் திரைக்கு வரும் முன்பே ஒன்றோடொன்று கலக்கிறது. தாளின் தடிமன் எவ்வளவு என்பதற்கு முன்னால், அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

குழாயின் உள்விட்டம் சுமார் 21 மி.மீ. நடுவில் முதுகோடு முதுகு ஒட்டிய பட்டைகளின் தடிமன் போனால், ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது எட்டு மி.மீ. சொச்சம். மயிரிழையில் போதும். அப்படியானால் திரை குழாயின் சுவரேதான். அதனால் குழாயின் வெளிப்பக்கத்தை 400 உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். நீளவாக்கில் தேய்த்தால் கோடு கோடாகத் தெரியும். துணி பிழிவது போலச் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். ஒரு மாலை முழுக்க அதற்கே போனது. குழாய் பனி படிந்த ஜன்னல் மாதிரி ஆனது.

புள்ளிகள் மறைந்தன. ஆனால் புதிதாக ஒன்று முளைத்தது. வாளைக் கையில் வைத்துத் திருப்பினால் இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஒரு மங்கலான கோடு. எல்இடி முன்பக்கம் 120 பாகை அளவுக்குத்தான் ஒளியை வீசும். இரண்டு பட்டைகளும் எதிரெதிர் திசையைப் பார்ப்பதால் பக்கவாட்டில் யாருடைய வெளிச்சமும் சரியாக விழவில்லை. சண்டையில் வாள் சுழலும்போது அந்த இருட்டுக் கோடு வந்து வந்து போனது.

இதற்கு மருந்து குப்பையில் கிடைத்தது. எலக்ட்ரானிக் சாமான்களைச் சுற்றி வருமே, ஒரு மி.மீ. தடிமனில் மெல்லிய வெள்ளை ஃபோம் தாள், அதுதான். அதைக் குழலாக்கிப் பாலிகார்பனேட்டின் உள்சுவரோடு ஒட்டி நிற்கும்படி செருகினேன். ஃபோமுக்குள் இருக்கும் காற்றுக் குமிழிகள் ஒளியை உள்ளுக்குள்ளேயே பல தடவை அலைக்கழித்து எல்லாத் திசையிலும் விடுகின்றன. பக்கவாட்டுக் கோடு காணாமல் போனது. ஃபோமின் விளிம்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில் மட்டும் இரட்டைத் தடிமனால் நிழல் விழுந்தது. அந்த ஏற்றத்தை எல்இடி நேராகப் பார்க்கும் பக்கத்துக்குத் திருப்பி வைத்தேன். அங்கே வெளிச்சம் தாராளம் என்பதால் நிழல் அதிலேயே முழுகிவிட்டது. ஒளியில் நல்ல ஒரு பங்கு ஃபோமுக்குப் போய்விடுகிறது, உண்மைதான். இழந்த பிரகாசத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. புள்ளி தெரிகிற பிரகாசமான வாளைவிட, விளக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியாத வாள் பல மடங்கு நம்பும்படியாக இருக்கிறது.

அந்த ராத்திரி மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இப்ப கோடுதான்" என்றாள். ஆனால் நுனியை உற்றுப் பார்த்து, "மேல மட்டும் ஏன் பா வேற கலரா இருக்கு?" என்றும் கேட்டாள்.

வாள் மோதும்போது ஒரு கணம் வெள்ளையாகப் பளிச்சிட வேண்டும் என்று நிரலில் எழுதி வைத்திருந்தேன். அடியில் வெள்ளை வந்தது. மேலே போகப் போக மஞ்சள், நுனியில் ஆரஞ்சு. காரணம், மின்னழுத்தம் வழியில் குறைந்துகொண்டே போகிறது. பட்டையில் இருக்கும் செப்புத் தகடு மெலிசு. ஆம்பியர் கணக்கில் மின்சாரம் அதன் வழியே போனால் நுனிக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். சிவப்பு எல்இடி எரிய ஏறக்குறைய 2 வோல்ட் போதும். நீலத்துக்கும் பச்சைக்கும் 3 வோல்ட் பக்கம் வேண்டும். பேட்டரியோ 3.7. மல்டிமீட்டரை நுனியில் வைத்தால் 3க்குக் கீழே காட்டியது. அங்கே நீலமும் பச்சையும் சோர்ந்துபோய்ச் சிவப்பு மட்டும் தெம்பாக நின்றிருக்கிறது. பத்து வயதில் காகிதக் குழலின் பாதியில் செத்த அதே வாள், இந்தத் தடவை வேறு காரணத்தால் நுனியில் திணறுகிறது.

இரண்டு பட்டைகளுக்கும் நடுவில் தடித்த ஒயர் ஒரு ஜோடியை நுனிவரை ஓட்டி, அங்கேயும் மின்சாரம் கொடுத்தேன். முதுகோடு முதுகு ஒட்டியதில் நடுவில் இருந்த இடுக்கு அதற்குத் தோதாக அமைந்தது. பட்டை இப்போது இரண்டு பக்கமிருந்தும் குடிக்கிறது. நுனி வெளுத்தது.

பேட்டரி பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். நான் பயன்படுத்தியது 18650 லித்தியம் அயான் செல். அந்த எண்ணே அதன் அளவு: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். இத்தனூண்டு பொருள் கேட்டால் பத்து, பதினைந்து ஆம்பியர் கொடுக்கும். கேட்காமலே கொடுக்கும் என்பதுதான் ஆபத்து. அலுமினியத்தில் சுவிட்சுக்குத் துளை போட்டவன், துளையின் உள்விளிம்பை அரத்தால் மழுக்கவில்லை. பேட்டரித் தொட்டியின் நெகட்டிவ் தகடு வேறு குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. நாலைந்து தடவை உள்ளே தள்ளி வெளியே இழுத்ததில், துளையின் பிசிறு பாசிட்டிவ் ஒயரின் தோலைக் கீறிவிட்டது. ஒரு நாள் மூடியைத் திருகியதும் கைப்பிடி சூடானது. சாதாரணச் சூடு இல்லை. பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்து, நான் மூடியைத் திறந்து செல்லைத் தரையில் தட்டிவிட்டு, மகளை அறையை விட்டு வெளியே போகச் சொன்னேன். செல் வெடிக்கவில்லை, தீப்பிடிக்கவில்லை. ஒயரின் தோல் மட்டும் உருகி ஒழுகியிருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் கையில் இருக்கும்போது நடந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

அதன் பிறகு உலோகம் உலோகத்தைத் தொடும் எந்த இடத்தையும் விட்டுவைக்கவில்லை. எல்லாத் துளையையும் அரத்தால் மழுக்கினேன். எல்லா இணைப்பிலும் ஹீட் ஷ்ரிங்க், அதாவது சூடு காட்டினால் சுருங்கி ஒயரை இறுக்கிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை. எலக்ட்ரானிக் பாகங்கள் மொத்தமும் அலுமினியத்தைத் தொடாதபடி 3டி பிரிண்டரில் எடுத்த பிளாஸ்டிக் சட்டத்துக்குள் உட்கார்ந்தன. செல்லையும் மாற்றினேன். பாதுகாப்புச் சுற்று உள்ளேயே இருக்கும் வகை, ஷார்ட் ஆனால் தானாகவே துண்டித்துக்கொள்ளும். அந்தச் சுற்றுக்காக நாலு மி.மீ. போல நீளம் கூடியிருந்ததால் சட்டத்தை மறுபடியும் வரைந்து எடுக்க வேண்டியிருந்தது. அந்த வேலையை நான் ஒரு நொடிகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

ஆனால் புதுச் செல் போட்டதும் இன்னொன்று நடந்தது. வாளைத் தலையணையில் ஓங்கித் தட்டினால் வெள்ளையாகப் பளிச்சிட்டு, அப்படியே அணைந்துவிடும். கணக்குப் போட்டதும் புரிந்தது. ஒரு புள்ளியில் மூன்று நிறமும் முழுசாக எரிந்தால் 60 மில்லி ஆம்பியர். 260 புள்ளிக்கு 15.6 ஆம்பியர். நீலம் மட்டும் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு. வெள்ளைப் பளிச்சை ஷார்ட் என்று நினைத்துச் செல் கதவை மூடியிருக்கிறது. அதன் பயம் நியாயமானது. வெள்ளையின் பிரகாசத்தை நாற்பது சதவீதத்தில் நிறுத்தினேன். நீலத்திலிருந்து வெள்ளைக்குத் தாவுவதால் கண்ணுக்கு அதுவே போதுமான பளிச்சாகத்தான் இருக்கிறது.

மிச்சமெல்லாம் கோடிங். எனக்கு ரொம்பப் பிடித்தது வாள் வெளியே வருகிற அந்தக் கணம். அடியிலிருந்து நுனிக்குப் புள்ளிகளை வரிசையாக எரியவிட்டால் வாள் வளர்வது போலத் தெரியும். ஒரு புள்ளிக்கு 24 பிட் அனுப்ப 30 மைக்ரோ வினாடி ஆகும். 130 புள்ளிக்கு ஏறக்குறைய 4 மில்லி வினாடி. ஒவ்வொரு தடவையும் ஒரு புள்ளி ஏற்றினால் நுனியைத் தொட அரை வினாடி. இது சோம்பலாகத் தெரிந்தது. இரண்டிரண்டாக ஏற்றினால் கால் வினாடி, அது சரியாக இருந்தது. உள்ளே போகும்போது மட்டும் பழையபடி அரை வினாடி. வருவது கோபமாகவும் போவது நிதானமாகவும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. மகளோ இரண்டும் ஒரே வேகத்தில் வேண்டும் என்றாள். பேச்சுவார்த்தை முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது.

முழு நீலத்தைக் கொடுத்தால் அது கடைப் பலகை விளக்கு மாதிரி கருநீலமாக வருகிறது. கொஞ்சம் பச்சை சேர்த்து, துளி சிவப்பும் விட்டதும் படத்தின் அந்த வெளிறிய நீலம் வந்தது. கடைசியாக ஒரு நடுக்கம் சேர்த்தேன். பழைய படத்தைக் கவனித்துப் பாருங்கள், வாள் ஒரே சீராக எரியாது, லேசாகத் துடித்துக்கொண்டே இருக்கும். என் வாளும் ஒவ்வொரு கணமும் 85க்கும் 100 சதவீதத்துக்கும் நடுவில் துடிக்கிறது. அதை எடுத்துவிட்டுப் பார்த்தேன். உயிரில்லாத டியூப்லைட் கையில் இருந்தது. உடனே திருப்பிப் போட்டேன்.

ஒலிக்கு வருகிறேன். அந்த ரீங்காரத்தை உருவாக்கியவர் பென் பர்ட். பழைய ஃபிலிம் புரொஜெக்டரின் மோட்டார் சும்மா ஓடும்போது எழுப்பும் முனகல் ஒன்று. ஒயர் பழுதான மைக்கைத் தொலைக்காட்சியின் படக்குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனதில் கிடைத்த இரைச்சல் இன்னொன்று. இரண்டையும் கலந்தார். வாள் வீசும் சத்தத்துக்கு, அந்த ரீங்காரத்தை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதன் முன்னால் மைக்கைக் கையில் பிடித்து வீசிப் பதிவு செய்தார். ரயில் கடந்து போகும்போது ஹாரன் சத்தம் மாறுகிறதே, அதே தத்துவம்.

இதைப் படித்த பிறகு ஆயத்தமான ஒலிக் கோப்பை இறக்கிப் போட மனம் ஒப்பவில்லை. வீட்டிலிருந்த பழைய டேபிள் ஃபேனின் மோட்டார் முனகலைப் பதிவு செய்து, சுருதியைக் கீழே இறக்கி, ஸ்பீக்கரில் சுழற்சியாக ஓடவிட்டேன். மகள் செல்போனைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கர் முன்னால் நின்று வீசினாள். மெதுவாக ஒன்று, வேகமாக ஒன்று, தலைக்கு மேலிருந்து ஒன்று. இருபது தடவைக்கு மேல் வீசியிருப்பாள், கை வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதில் ஏழு நன்றாக வந்தன. கைப்பிடிக்குள் இருக்கும் கைரோ சென்சார் வீச்சின் வேகத்தைப் பார்த்து அவற்றில் ஒன்றை எடுத்து ஒலிக்கிறது. 28 மி.மீ. ஸ்பீக்கர்தான். ஆனால் உலோகக் குழாய்க்குள் இருப்பதால் சத்தம் கையின் எலும்பு வழியாகவும் வருகிறது.

எல்லாம் சேர்ந்த நாளில் வீட்டு விளக்குகளை அணைத்தோம். கைப்பிடியை அவளிடம் கொடுத்தேன். கட்டை விரல் சுவிட்சில் பட்டதும் ரீங்காரத்தோடு வாள் நீண்டது. மணிகள் இல்லை, இருட்டுக் கோடு இல்லை, நுனிவரை ஒரே நீலம். அவள் முகத்தின் ஒரு பாதி நீலமாக இருந்தது. மூக்கின் நிழல் கன்னத்தில் விழுந்து, அவள் வாளை அசைக்க அசைக்க அந்த நிழலும் நகர்ந்தது.

செல்போனில் ஒரு படம் எடுத்தேன். என் கண்ணுக்கு வாள் முழுக்க நீலம்தான். படத்திலோ வாளின் நடு வெள்ளையாகவும் அதைச் சுற்றி நீல ஒளிவட்டமாகவும் விழுந்திருந்தது. அளவுக்கு மீறிய வெளிச்சத்தில் கேமராவின் சென்சார் நிரம்பி வழிந்ததில் நடுப்பகுதி வெளுத்துவிட்டது. ஃப்ரேம் ஃப்ரேமாகக் கையால் வரைந்த அந்தத் தோற்றம், யாரும் வரையாமலே வந்து நிற்கிறது. படத்தைப் பெரிதாக்கி அந்த வெள்ளை நடுவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இங்க பாருங்க" என்றாள். நிமிர்ந்தேன். அவள் இருட்டில் நடைவழியில் மெல்ல நடந்து போய்க்கொண்டிருந்தாள். இரண்டு பக்கச் சுவரும் அவளோடு சேர்ந்து நீலமாகி, அவள் தாண்டியதும் இருண்டன. கடைசிக் கதவின் கைப்பிடி ஒரு முறை மினுங்கியது. அங்கே நின்று சுவிட்சைத் தட்டினாள். வாள் நுனியிலிருந்து நிதானமாக, அரை வினாடி எடுத்துக்கொண்டு உள்ளே போனது.

"சரிப்பா," என்று இருட்டிலிருந்து குரல் வந்தது. "உள்ள போறது மெதுவாவே இருக்கட்டும்."